கைப்பற்றியவர் பெயர்

இரண்டாம் உலகப்போர் முடிந்து ஐரோப்பாவிலிருந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் பலரின் பைகளில் ஒரு தாள் இருந்தது. அச்சடித்த படிவம். நிரப்ப வேண்டிய இடங்களில் தட்டச்சு எழுத்து, அடியில் மேலதிகாரியின் மைக் கையெழுத்து. 1945 மே 28 தேதியிட்ட போர்த்துறைச் சுற்றறிக்கை 155ஐச் சுட்டி, இன்னாரிடம் உள்ள எதிரியின் தளவாடங்களை நேரில் பார்வையிட்டேன், கீழே குறித்திருப்பவற்றை அவர் தன் சொந்தப் பொருளாக வைத்துக்கொள்ளலாம் என்று அந்த அதிகாரி சான்று தருகிறார். பெயர், பதவி, படை எண், பிரிவு. பிறகு பொருள்கள்: ஒரு ஜெர்மானியக் கைத்துப்பாக்கி, ஒரு குத்துவாள், ஒரு கொடி. எழுத்தர் அக்கறையுள்ளவராக இருந்தால் துப்பாக்கியின் வரிசை எண்ணையும் அடித்திருப்பார். இந்தத் தாள் இல்லாத லூகர் பிஸ்டல் இன்னுமொரு லூகர், அவ்வளவுதான். தாளோடு வந்து, தாளில் உள்ள எண்ணும் இரும்பில் உள்ள எண்ணும் பொருந்திவிட்டால் ஏலத்தில் அதன் கதையே வேறு. போர்க்காலப் படைத்துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் அந்தத் தாளைத் துப்பாக்கியைவிடப் பத்திரமாக, அமிலமில்லாத உறையில் போட்டு வைக்கிறார்கள். எனக்குத் துப்பாக்கி மேல் ஆசை கிடையாது. ஏலப் பட்டியல்களைப் படிக்கும் கெட்ட பழக்கம் மட்டும் உண்டு. அப்படிப் படிக்கையில் இந்தச் சான்றின் படம் வரும் பக்கங்களில் ஏதோ நெருடிக்கொண்டே இருந்தது. வெகுநாள் அது என்னவென்று பிடிபடவில்லை. படிவத்தில் ஒரு வரி குறைகிறது. யார் எடுத்தார் என்பதற்கு இடம் இருக்கிறது, எதை எடுத்தார் என்பதற்கும், யார் அனுமதித்தார் என்பதற்கும் இருக்கிறது. யாரிடமிருந்து என்பதற்கு இல்லை.

இதில் நெருட என்ன இருக்கிறது, எதிரியிடமிருந்துதானே என்று கேட்கலாம். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. சிறைப்பட்டவரின் சொந்தப் பொருள்கள் அவருக்கே உரியவை என்று சொல்லும் 1907ஆம் ஆண்டு ஹேக் விதிகள், ஆயுதம், குதிரை, இராணுவத் தாள்கள் ஆகிய மூன்றையும் அதிலிருந்து விலக்கிவிடுகின்றன. பறித்த ஆயுதம் பறித்த சிப்பாய்க்கும் சொந்தமில்லை, அவருடைய அரசுக்குச் சொந்தம். அதனால்தான் அந்தத் தாளே தேவைப்பட்டது. அரசு தன் உரிமையை விட்டுக்கொடுக்கிறது, துறைமுகத்தில் சோதிப்பவர்களுக்கு அதைக் காட்டலாம். சேகரிப்பவர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய் வாதாடலாம்: ஜெர்மானியச் சிப்பாய்க்கு அந்தத் துப்பாக்கி எப்போது சொந்தமாக இருந்தது? படை கொடுத்தது, படை கேட்டால் திருப்பித் தர வேண்டியது. ஆக, அந்தத் துப்பாக்கியின் முதல் தனி உடைமையாளர் அமெரிக்கர்தான், உடைமை வரலாறு அங்கிருந்துதான் தொடங்க முடியும். ஜப்பானிய அதிகாரிகள் தம் கைத்துப்பாக்கியைத் தம் காசிலேயே வாங்க வேண்டியிருந்தது, அவர்கள் விஷயத்தில் இந்த வாதம் நிற்காது. ஆனால் சாதாரண ஜெர்மானியச் சிப்பாய்க்கு நிற்கும். இதை என்னால் மறுக்க முடியவில்லை. மறுக்க முடியாததால் நெருடல் போய்விடவும் இல்லை. ஒருவர் இடுப்பில் மாதக்கணக்கில் தொங்கி, அவருடைய வியர்வையையும் மழையையும் குடித்து, தோலுறையின் விளிம்பு உரசி உரசி முனையில் இரும்பின் நீலப்பூச்சு கரைந்து வெளுத்துப்போன ஒரு பொருளுக்கு அவர் யாருமில்லை என்று சொல்லச் சட்டத்தால் முடியும். ஆனால் அந்தத் தேய்மானத்துக்குத்தான் சேகரிப்பவர் பணம் கொடுக்கிறார்.

எப்படி எடுத்தார் என்பதையும் தாள் கேட்பதில்லை. கைப்பற்றியது என்றதும் மனதில் வரும் காட்சி ஒன்று இருக்கிறது: பனி, பதுங்குகுழி, கைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து வரும் ஒருவன். அப்படியும் நடந்திருக்கும். ஆனால் 1945இன் வசந்த மாதங்களில் ஜெர்மனியின் ஊர்களில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி ஆணை ஒட்டப்பட்டது, நகரமன்றக் கட்டடங்களில் துப்பாக்கிகள் குவிந்தன. சரணடைந்த பிரிவுகள் சாலையோரத்தில் மொத்தமாகப் போட்டுவிட்டு நடந்தன. முன்னணியில் இருந்தவர்கள் எடுத்ததைப் பின்னால் லாரி ஓட்டியவர்கள் சிகரெட் கொடுத்து வாங்கினார்கள். சூதாட்டத்தில் கைமாறியவையும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே படிவம்தான், ஒரே வாசகம்தான். லூகருக்கு இருந்த மவுசு அப்படி. 101ஆம் வான்வழிப் படையைச் சேர்ந்த டொனால்ட் ஹூப்ளர் 1945 ஜனவரி 3 அன்று பெல்ஜியத்தின் பாஸ்டோன் அருகே, காற்சட்டைக்குள் இருந்த கைத்துப்பாக்கி வெடித்துக் கால் தமனியறுந்து இரத்தம் வடிந்து இறந்தார். 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் அது லூகர். அது பெல்ஜியத் தயாரிப்பான ஒரு பிரவுனிங் என்று சொல்லும் நினைவுகளும் உண்டு. கதையில் போய்ச் சேரும்போது துப்பாக்கிகள் எல்லாம் லூகராகிவிடுகின்றன. இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் புதிதாக வருபவருக்குச் சொல்லும் முதல் பாடமும் இதுதான்: கதையை வாங்காதே, துப்பாக்கியை வாங்கு. சொல்லிவிட்டு அவர்களே கதைக்கு ஆலாய்ப் பறக்கிறார்கள். பழைய தட்டச்சு இயந்திரத்தைத் தேடிப்பிடித்து, பழைய தாளில் புதிதாகச் சான்று அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கே தேவை இருக்கிறதோ அங்கே சரக்கு வரத்தான் செய்யும்.

இதையெல்லாம் சொல்வதால் அந்த மனிதர்களை ஏளனம் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சேகரிப்பவர்கள் எழுதுவதைப் படித்தால் இரத்தவெறி எங்கும் தென்படாது. பழைய தாலுகா அலுவலகத்து எழுத்தர்களின் பொறுமைதான் தெரியும். லூகரின் உடலில், குழலில், மேற்பகுதியில் முழு வரிசை எண்ணும் இருக்கும். சின்னச் சின்ன உறுப்புகளில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் இருக்கும், ஊசி முதற்கொண்டு. பத்தாயிரம் வந்ததும் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், பக்கத்தில் ஒரு எழுத்து சேரும், ஆண்டு மாறினால் எல்லாம் முதலிலிருந்து. கூடவே கொடுத்த இரண்டாவது தோட்டாக்கூட்டின் அடியில் அதே எண்ணோடு ஒரு கூட்டல் குறி. மௌசர் ஆலை தன் பெயரைப் போடாமல் எஸ்/42 என்றும், பிறகு வெறும் 42 என்றும், பிறகு பிஒய்எஃப் என்றும் போட்டு மறைந்துகொண்டது. பரிசோதகரின் கழுகு முத்திரை 63ஆ 655ஆ என்பதை வைத்துக் காலத்தைச் சொல்கிறார்கள். 1937க்கு முன்னால் விசையும் சில சிறு உறுப்புகளும் வைக்கோல் நிறத்தில் பதப்படுத்தப்பட்டன. அந்த ஆண்டில் உப்புக் கரைசலில் நீலமேற்றும் முறை வந்ததும் அந்த மஞ்சள் போய்விட்டது. ஒரு விசையின் நிறத்தைப் பார்த்து ஆலை வரலாற்றைச் சொல்லும் கண் சாதாரணக் கண் இல்லை. துப்பாக்கியை அதன் பழைய தோலுறையிலேயே வைக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும், பதனிட்ட தோலில் தங்கிய உப்பும் ஈரமும் இரும்பைத் தின்றுவிடும். பருத்திக் கையுறை, மெல்லிய எண்ணெய், பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள். பழைய கிரீஸும் தோலும் கலந்த அந்த வாசனையைப் பற்றி உருகி எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு நுட்பமாகப் பார்க்கிற கண் ஒரு மனிதனை மட்டும் எப்படித் தவறவிட்டது?

தவறவிட்டது என்பது சரியான குற்றச்சாட்டா என்பதிலும் எனக்குச் சந்தேகம். சந்தை கேட்பதைப் பாருங்கள். போருக்குப் போனதற்குச் சான்று வேண்டும், ஆனால் கீறல் இருக்கக் கூடாது. ஆலையில் ஏற்றிய நீலம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மிச்சம் இருக்க வேண்டும், எல்லா எண்ணும் பொருந்த வேண்டும், கைப்பற்றிய தாளும் கூட வர வேண்டும். தொண்டைமானின் ஆயுதசாலைக்குள் நின்ற ஔவைக்கு ஒரே பார்வையில் புரிந்த விஷயம் இது: பளபளக்கும் ஆயுதம் போர் பார்க்காதது, போர் பார்த்தது கொல்லன் பட்டறையில் கிடக்கும். இரண்டில் ஒன்றைத்தான் அவர் புகழ்ந்தார், மற்றதைப் புகழ்வதுபோல் இகழ்ந்தார். இன்றைய சேகரிப்பவருக்கு இரண்டும் ஒரே பொருளில் வேண்டும். அப்படிப்பட்ட துப்பாக்கி என்றால் பெரும்பாலும் அது போரின் கடைசி மாதத்தில் பெட்டியோடு சிக்கியதாகவோ, யாரும் இடுப்பில் கட்டாமலே கைமாறியதாகவோ இருக்கும். அதாவது, விலை ஏற ஏற, குறைகிற அந்த வரியில் எழுதுவதற்கு ஆளே இல்லாமல் போகிறது. ஒருவேளை அதுதான் நிம்மதியோ என்னவோ.

அமெரிக்கர்களின் சொந்தத் துப்பாக்கியிலோ வேறு மாதிரிச் சிக்கல். ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1911 மார்ச் 29 அன்று படையில் ஏற்கப்பட்ட அந்த .45 பிஸ்டலில் வரிசை எண் உடற்பகுதியில் மட்டும்தான். மற்ற உறுப்புகள் எதையும் எதோடும் பூட்டலாம், அதுவே அதன் பெருமை. போர்களுக்கு நடுவே படைக் கிடங்குகளில் ஆயிரக்கணக்கில் பிரித்துக் கழுவி, கையில் கிடைத்த குழலைக் கிடைத்த உடலில் மாட்டி, புதிதாகச் சாம்பல் பூச்சு ஏற்றி மறுபடி கொடுத்தார்கள். எந்தத் துண்டு எந்தப் போரைப் பார்த்தது என்று படைக்குக் கவலையில்லை. இரண்டாம் உலகப்போரில் இந்தப் பிஸ்டலைச் செய்த நிறுவனங்களின் பெயர்கள் நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமானவை. தட்டச்சு நிலையங்களில் நாம் விரல் நோக அடித்த ரெமிங்டன் இயந்திரத்தின் நிறுவனம், ரெமிங்டன் ராண்ட், எட்டரை லட்சத்துக்கும் மேல் செய்தது. மற்ற எவரும் அவ்வளவு செய்யவில்லை. தையல் இயந்திரத்துக்குப் பேர்போன சிங்கர் சோதனை ஆணையாக 500 மட்டும் செய்து 1941இல் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. இன்று ஒரு சிங்கர் பிஸ்டல் இலட்சக்கணக்கான டாலருக்குப் போகிறது. அதைக் கட்டியிருந்தவர் யார், அது எங்கே வெடித்தது என்பது யாருக்கும் பொருட்டில்லை, ஐந்நூறில் ஒன்று என்பதே போதும். கைப்பற்றுச் சான்றுகளில் எத்தனையை ரெமிங்டன் இயந்திரத்தில் அடித்திருப்பார்கள் என்று சில சமயம் யோசிப்பேன். துப்பாக்கியும் அதற்கான தாளும் ஒரே நிறுவனத்தின் இரண்டு சரக்குகள்.

அமெரிக்கச் சிப்பாயின் பெயரைத் தேடினாலும் எளிதில் அகப்படுவதில்லை. அந்த .45ஐச் செய்த கோல்ட் நிறுவனத்தின் ஆவணப் பிரிவுக்குப் பணம் கட்டினால் எண்ணைப் பார்த்துக் கடிதம் தருவார்கள், அதில் இன்ன தேதியில் இன்ன ஆயுதக் கிடங்குக்கு அனுப்பினோம் என்று இருக்கும். கிடங்கின் வாசலோடு கடிதம் நின்றுவிடும். ஆளின் பணிப்பதிவேட்டைத் தேடலாம் என்றால் 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரப் பணியாளர் ஆவண மையத்தில் பிடித்த தீயில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்துபோயின. 1912 நவம்பரிலிருந்து 1960 தொடக்கம் வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது அதில் போயிற்று. ஆவணக் காப்பகத் தாள்களிலிருந்து வரிசை எண்களைத் திரட்டிய தொகுப்புகளும் உண்டு. அவற்றில் ஒரு துப்பாக்கி இடம்பெறுவதே பெரும்பாலும் அது காணாமல் போனதாலோ, பழுதானதாலோ, யாரோ ஒருவர்மேல் விசாரணை நடந்ததாலோதான். ஒழுங்காகத் தன் வேலையைப் பார்த்த துப்பாக்கிக்கு வரலாறு கிடையாது. இதற்கு நடுவே தாளே இல்லாத ஒரு சான்றை எனக்குப் பிடித்திருக்கிறது. விழுந்த விமானங்களின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கை அறுத்துச் சிப்பாய்கள் தம் .45க்குப் பிடி செய்துகொண்டார்கள், உள்ளே காதலியின் அல்லது மனைவியின் புகைப்படம். கொல்லும் கருவியைப் பிடிக்கும் உள்ளங்கையில் ஒரு பெண்ணின் முகம். பட்டியல்களில் அந்தப் பெண்களுக்கும் பெயர் கிடையாது.

தாள் தேவையில்லாத அளவுக்கு இரும்பிலேயே எல்லாவற்றையும் பொறித்த துப்பாக்கி ஒன்று இருக்கிறது. 1898இல் ஹவானா துறைமுகத்தில் மூழ்கிய மெய்ன் போர்க்கப்பலிலிருந்து மீட்ட கோல்ட் ரிவால்வர். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் தியோடர் ரூஸ்வெல்ட் அதே ஆண்டு ஜூலை 1 அன்று கியூபாவின் சான் ஹுவான் மேடுகளில் ஏறினார். கப்பலின் பெயர், கர்னலின் பெயர், நாள், இடம், அவர் சுமந்து பயன்படுத்தியது என்ற குறிப்பு, எல்லாம் அதன் மேல் இருக்கின்றன. 1990இல் நியூயார்க் மாநிலத்தில் அவருடைய வீடான சகமோர் ஹில் காட்சியகத்திலிருந்து திருடுபோய் 2006இல் திரும்பி வந்தது. பயன்படுத்தியது என்றால் என்ன என்பதை ரூஸ்வெல்ட் தன் நூலிலேயே எழுதியிருக்கிறார்: அந்த மேட்டில் ஒரு ஸ்பானியரைச் சுட்டார். கப்பலுக்குப் பெயர் இருக்கிறது, மேட்டுக்குப் பெயர் இருக்கிறது. சுடப்பட்டவர் ஸ்பானியர், அவ்வளவே. ஆவணங்களிலேயே மிகச் சிறந்த ஆவணம் இது என்பார்கள் சேகரிப்பவர்கள். அவர்கள் அளவுகோலின்படி அது உண்மைதான்.

என் நெருடலை உண்மையில் பெரிதாக்கியது ஜெர்மானியப் படையின் இன்னொரு தாள். ஒவ்வொரு சிப்பாயின் சட்டைப்பையிலும் 'சோல்ட்புக்' என்ற சம்பளக் குறிப்பேடு இருக்கும். புகைப்படம், பிறந்த நாள், பிரிவுகள், தடுப்பூசிகள், மருத்துவமனையில் இருந்த நாள்கள், பெற்றோர் அல்லது மனைவியின் முகவரி எல்லாம் அதில் உண்டு. கொடுக்கப்பட்ட ஆயுதங்களுக்கென்றும் அதில் ஒரு பக்கம் உண்டு. கைத்துப்பாக்கி என்றால் அதன் வரிசை எண்ணை அங்கே எழுதுவார்கள். ஆக, அமெரிக்கப் படிவத்தில் குறைவதாக நான் நினைத்த வரி எழுதப்படாமல் இல்லை, வேறொரு புத்தகத்தில் இன்னொரு எழுத்தரின் கையால் எழுதப்பட்டிருந்தது. ஹேக் விதிகள் விலக்கிய மூன்றில் குதிரையை விட்டால் மிச்சம் இரண்டும் இவைதாம், ஆயுதமும் இராணுவத் தாளும். இரண்டையுமே எடுத்தார்கள். எடுத்த இடத்திலேயே அவை பிரிந்தன. துப்பாக்கி ஒருவர் பைக்கு, குறிப்பேடு இன்னொருவர் பைக்கு, அல்லது சேற்றுக்கு. இன்று குறிப்பேடுகளுக்கென்று தனிச் சந்தை, தனி வல்லுநர்கள், தனி விலை. அங்கே துப்பாக்கி எண் உள்ள பக்கத்தைப் படமெடுத்துப் போடுகிறார்கள், இங்கே எண் உள்ள துப்பாக்கியைப் படமெடுத்துப் போடுகிறார்கள். இரண்டையும் ஒருவர் பொருத்திப் பார்க்கலாம். எப்போதாவது ஒரு ஜோடி சேர்ந்தே கிடைத்தால் அது பெரும் பேறு என்று கொண்டாடுகிறார்கள். ஆனால் பிரிந்ததைச் சேர்ப்பதற்காக யாரும் முனைந்து எண்களை ஒப்பிடுவதாகத் தெரியவில்லை. விசையின் வைக்கோல் நிறத்துக்குச் செலவிடும் பொறுமையில் கால்பங்கு போதும்.

ஏன் முனையவில்லை என்று யோசித்தால் அவர்கள்மேல் கோபம் வரவில்லை, கொஞ்சம் பயம்தான் வருகிறது. பெயர் கிடைத்துவிட்டால் அது பெயரோடு நிற்காது. முகம் கிடைக்கும், தாயின் முகவரி கிடைக்கும். ஜெர்மானியப் போர்க் கல்லறைகளைப் பேணும் அமைப்பில் பெயரைக் கொடுத்தால் கல்லறையைத் தேடித் தருவார்கள். பெர்லினில் போர்ச் சிப்பாய்களின் பதிவுகளை வைத்திருந்த அலுவலகம் 2019 முதல் அந்நாட்டுக் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் பகுதி, அங்கும் கேட்கலாம். கேட்டால் வரும் பதில் எதுவாகவும் இருக்கலாம். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் சரணடைந்து, ஊர் திரும்பி, ரொட்டிக் கடை வைத்து, தொண்ணூறு வயதில் இறந்தான் என்று இருக்கலாம். அவன் இருந்த பிரிவு போலந்தில் என்ன செய்தது என்று தெரிய வரலாம். இரண்டாவது பதில் வந்தால் கண்ணாடிப் பெட்டியில் அந்தத் துப்பாக்கியை எந்த முகத்தோடு பார்ப்பது? முதல் பதில் வந்தால் மட்டும் எளிதா? பெயரில்லாதவரை எதிரி என்று சொல்லி முடித்துவிடலாம். பெயர் தெரிந்துவிட்டால் அப்படி முடிக்க முடியாது. பசிபிக் போர்முனையிலிருந்து சிப்பாய்கள் எடுத்துவந்த ஜப்பானியக் கொடிகளுக்கு இப்படித்தான் நேர்ந்தது. போருக்குப் போகிறவருக்கு ஊரும் உறவும் வெள்ளைத் துணியில் மையால் கையெழுத்திட்டுக் கொடுத்த கொடிகள் அவை. பெயர் துணியிலேயே இருந்ததால், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இயங்கும் ஓபோன் சொசைட்டி அவற்றைக் குடும்பங்களைத் தேடித் திருப்பிக் கொடுத்துவருகிறது. எடுத்தவரின் பிள்ளைகளே முன்வந்து கொடுக்கிறார்கள். துப்பாக்கியைத் திருப்பிக் கொடு என்று நான் சொல்ல வரவில்லை. அதை வாங்கிக்கொள்ள எந்தக் குடும்பத்துக்கும் சட்டம் இடம் தராது, பெரும்பாலான குடும்பங்கள் விரும்பவும் மாட்டா.

எதிர்த்திசையில் இழுக்கும் ஒரு துப்பாக்கியும் உண்டு, அதை மறைத்தால் நேர்மையாகாது. போலந்தின் ராடோம் நகர ஆலையில் செய்த விஸ் பிஸ்டல். 1939க்குப் பிறகு ஜெர்மானியர் அந்த ஆலையைத் தமக்காக ஓட்டினார்கள், போலந்துக் கழுகை எடுத்துவிட்டுத் தம் முத்திரையைப் போட்டார்கள். தொழிலாளர்கள் உறுப்புகளை ஒளித்து வெளியே கொண்டுபோய்த் தலைமறைவுப் படைக்குக் கொடுத்தார்கள். எண்ணும் முத்திரையும் இல்லாத துப்பாக்கிகள் அப்படி உருவாயின. தெரியவந்ததும் 1942 அக்டோபரில் ராடோமில் தொழிலாளர்கள் சிலரை ஜெர்மானியர் ஊரார் பார்க்கத் தூக்கிலிட்டார்கள். குழல் செய்வதும் இறுதியாகப் பூட்டுவதும் ஆஸ்திரியாவின் ஸ்டைர் ஆலைக்கு மாற்றப்பட்டன, குழல் இல்லாமல் கடத்திப் பயனில்லை என்பதற்காக. அந்தத் துப்பாக்கிக்கு ஒரு தாள், ஒரு பெயர் இருந்திருந்தால் இன்னொரு கழுத்துக்குக் கயிறு கிடைத்திருக்கும். எழுதாமல் விட்டதுதான் அங்கே வரலாறு. ஆகவே எல்லா வெற்றிடத்தையும் நிரப்பியாக வேண்டும் என்று எனக்கும் வாதமில்லை. யார் வெற்றிடமாக விட்டார்கள், எதற்காக விட்டார்கள் என்று மட்டும் பார்க்கச் சொல்கிறேன்.

நம் நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு படைத்துப்பாக்கி இருக்கிறது. ஆனால் அதைப் படைத்துப்பாக்கி என்று யாரும் நினைப்பதில்லை. 1948 ஜனவரி 30 அன்று பிர்லா மாளிகையில் காந்தியைச் சுட்டது இத்தாலியின் பெரெட்டா எம்1934, வரிசை எண் 606824. இத்தாலியப் படைக்கென்று செய்யப்பட்ட வகை. அந்த வகைத் துப்பாக்கிகளில் கிறித்துவ ஆண்டுக்குப் பக்கத்தில் முசோலினி தொடங்கிய பாசிச ஆண்டையும் ரோமன் எண்ணில் பொறிப்பார்கள், தரைப்படைக்குப் போனவற்றில் அரசப் படையைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் இருக்கும். அபிசீனியாவில் ஓர் இத்தாலிய அதிகாரியிடம் இருந்தது, பிரிட்டிஷ் தரப்பு அதிகாரி ஒருவர் போர்ப்பரிசாக எடுத்துவந்தார் என்று கதை சொல்லப்படுகிறது. நடந்திருக்க முடியாத கதை இல்லை. 1941இல் எரித்ரியாவின் கெரென் மலைகளில் இத்தாலியரோடு போரிட்டவை 4ஆம், 5ஆம் இந்தியப் பிரிவுகள்தாம், அங்கிருந்து நினைவுப்பொருள் கொண்டுவராத படை எது? ஆனால் வழக்குக்கு அந்தக் கதை தேவைப்படவில்லை. செங்கோட்டையில் நடந்த விசாரணையில் எண்ணும் தோட்டாக்களும் பொருந்தின, துப்பாக்கி குவாலியரில் யார் கைவழியாக ஜனவரி 28 அன்று கோட்சேயிடம் சேர்ந்தது என்பது பேசப்பட்டது, 1949 பிப்ரவரி 10 அன்று தீர்ப்பும் வந்தது. குறைகிற வரி இங்கே தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. யார்மேல் அது வெடித்தது என்பது உலகத்துக்கே தெரியும். எடுத்தவர் யார், எடுக்கப்பட்டவர் யார் என்ற இரண்டுமே இல்லை. யாரோ ஒருவர் வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்து, விருந்தாளிகளுக்குக் காட்டி, பிறகு விற்றிருக்கக்கூடிய ஒரு நினைவுப்பொருள். நினைவுப்பொருளாக வந்த துப்பாக்கியும் துப்பாக்கிதான் என்பதைச் சேகரிப்பாளர் இதழ்கள் எழுத மறக்கின்றன.

சட்டங்களும் எடுத்தவர் பக்கமே சாய்ந்திருக்கின்றன. டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஆசிரியையும் சுடப்பட்ட பிறகு 1997இல் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்த பிரிட்டன், 1946 ஜனவரி 1க்கு முன் போர்ப்பரிசாக எடுத்தவற்றுக்கு விலக்குக் கொடுத்தது. அமெரிக்க விதிகள், ஐம்பது ஆண்டு கடந்தவற்றோடு, வரலாற்றுப் புள்ளி ஒருவரோடோ நிகழ்ச்சியோடோ தொடர்புள்ளதால் மதிப்புப் பெற்றவற்றையும் அரும்பொருள் என்று தனியாக வகைப்படுத்துகின்றன. தொடர்பு என்றால் யாருடைய தொடர்பு என்று அவை கேட்பதில்லை. நம் ஊரில் உரிமம் வைத்திருப்பவர் தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்கிறார். அந்த ரசீதிலாவது கொடுத்தவர், வாங்கியவர் இருவர் பெயரும் இருக்கும்.

ஏல நிறுவனங்கள் லூகரோடு கைப்பற்றுச் சான்று சேர்ந்து வந்தால் 'முழு ஆவணங்களுடன்' என்று தடித்த எழுத்தில் அச்சிடுகின்றன. அது முழு ஆவணம் இல்லை. எடுத்தவரின் பெயர் மட்டும் உள்ள தாள் பாதி ஆவணம், அதைப் பாதி ஆவணம் என்றே அச்சிட வேண்டும். மற்றப் பாதி எங்கோ ஒரு சம்பளக் குறிப்பேட்டின் ஆயுதப் பக்கத்தில், வேறொரு ஏலத்தில், வேறொரு விலைக்குக் கிடக்கக்கூடும். வாங்குகிறவர்கள் அந்த எண்ணையும் தேடட்டும். தேடிய பிறகும் அந்தத் துப்பாக்கியை வரவேற்பறையில் மாட்டி வைக்க மனம் வந்தால், மாட்டி வைக்கட்டும்.